செய்திக்கு முந்திய வெள்ளிக்கிழமைகள்

நாலு மணிக்குள் சான்று கிடைக்காவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தையே தூக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார் என் ஆய்வு நெறியாளர். மணி இரண்டரை!

வங்கிகள் திவாலாகும் என்று பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் மக்கள் பயந்துபோய் வங்கிகளில் பணத்தை எடுத்தார்கள். நான் ஆராயும் பழைய வங்கி நெருக்கடி பற்றி என் வாதம் இதுதான். ஆனால் கணினியில் கிடைத்ததோ மத்திய வங்கியின் மாதக் கணக்கு மட்டும். எது முந்தியது என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? 'மத்திய வங்கி' என்று எழுதியிருந்த அலமாரிகளை மூன்று நாளாகக் குடைந்துவிட்டேன்.

"அக்கா, வாராவாரம் கணக்கு எங்கயுமே இல்லையா?"

நூலகர் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மூணு நாளா என் அலமாரியைக் கலைச்சியே, ஒரு வார்த்தை கேட்டியா? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறே."

"அப்புறமா திட்டுங்கக்கா. எங்க இருக்கு?"

"மத்திய வங்கி வாரம் ஒருதடவை தன் கணக்க அரசிதழ்ல அச்சடிக்கணும். சட்டம் அப்படி. அதனால வங்கி பேர்ல தேடினா கிடைக்காது. கீழ்த்தளம், சட்டப் பிரிவு. வா, தும்மாம வா."

தலையணை கனத்தில் ஒரு தொகுதி. நில அறிவிப்புகளுக்கும் தொலைந்த சான்றிதழ்களுக்கும் நடுவே அரைப்பக்க அட்டவணை. 'புழக்கத்திலுள்ள நோட்டுகள்' என்ற வரியில் விரலை வைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்தேன். மக்கள் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்தால் ஏறும் எண் அது. செய்தி வந்தது இருபத்தேழாம் தேதி. ஆறாம் தேதி எண் அசையவில்லை. பதின்மூன்றில் துள்ளியிருந்தது. இருபதில் இன்னும் மேலே.

"அறுவடைச் செலவா இருக்கும்டி," என்றார் அக்கா.

முந்தைய ஆண்டுத் தொகுதியை இழுத்தேன். அதே வாரங்களில் ஒன்றுமே இல்லை.

பத்திரிகையில் ஒரு வரிகூட வராதபோதே ஊர் ஊராக ஆட்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அதை அந்த வங்கியே கையெழுத்துப் போட்டு எல்லோருக்கும் தெரிய வெளியிட்டிருக்கிறது. யாரும் படிக்கவில்லை!

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கறே?" என்றவர் குனிந்து பார்த்தார்.

நெறியாளருக்குப் போன் போட்டேன்.

"சார், என் வாதம் போச்சு."

"அப்ப அத்தியாயத்த எடுத்துடுவோமா?"

"ஐயோ, வேண்டாம் சார்! பத்திரிகைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வங்கியோட கணக்குலயே இருக்கு. யார் சொன்னாங்கன்னுதான் இனிமே தேடணும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்தப் பக்கத்த மூடிடாதே. நானே வரேன்."