அம்மாவின் தொடையிலிருந்து ஒரு பட்டை

என் அம்மா சின்னப்பிள்ளைக்குக் கருப்பை இறங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்கு அது போன ஆடியில்தான் தெரிந்தது. விலங்கியலில் பட்டம் வாங்கியவள் நான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். எலியை அறுத்து அதன் கருப்பையைப் பென்சிலால் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதே நேரத்தில் என் வீட்டில், கதவுக்கு அந்தப் பக்கம், அம்மா பழைய புடவைத் துணியை உருட்டி வைத்து அடியைத் தாங்கிக்கொண்டு மீன் விற்கப் போயிருக்கிறாள்.

தெரிந்த அன்று கத்தினேன். “சொல்லித் தொலைச்சா என்னம்மா?”

“என்னத்தச் சொல்றது? கூடை தூக்குற எவளுக்குடி இது இல்ல? எனக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு?”

“அப்பாவுக்காவது தெரியுமா?”

“தெரிஞ்சா? வந்து தூக்கி வச்சிடுமா அது?”

எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேட்டில் மீன் கூடையை ஒருத்தியால் தலைக்கு ஏற்ற முடியாது. ஜோடி வேண்டும். அம்மாவின் ஜோடி ராஜம் அத்தை. ராஜம் அத்தை அம்மாவுக்குத் தூக்கிவிடுவாள். பிறகு அம்மா தலையில் கூடையோடு நின்றபடியே, ஒரு கையால் அவள் கூடைக்கு முட்டுக் கொடுத்து ஏற்றிவிடுவாள். தூக்குவதற்கு முன் இரண்டு பேரும் துண்டை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டினால் உள்ளே இருப்பது கீழே வராது என்று இங்கே எல்லாருக்கும் நம்பிக்கை.

நானும் நம்பினேன். படித்தவள் இல்லையா, அதனால் துண்டுக்குப் பதில் ஆன்லைனில் எலாஸ்டிக் பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைப் பெருமையாகக் கட்டிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் நடக்கவே சிரமப்பட்டாள்.

காரைக்காலுக்கு வியாழக்கிழமைதோறும் பாண்டியிலிருந்து டாக்டர் உமாமகேஸ்வரி வருவார். அம்மாவைப் பரிசோதித்துவிட்டு அந்த பெல்ட்டைக் கையில் எடுத்தார்.

“இத யார் வாங்கிக் குடுத்தது?”

“நான்தான்.”

“பேஸ்ட் டியூப நடுவுல அழுத்தினா பேஸ்ட் எங்கம்மா போகும்?”

எனக்குக் காது சுட்டது. அம்மா சிரித்தாள். “படிச்ச புள்ளைங்க அது.”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, உள்ளே கேமரா. இறங்கியதை மேலே ஏற்றி, ஒரு பட்டையால் முதுகெலும்பின் அடிப்பக்கத்தோடு கட்டி நிறுத்துவார்கள். பட்டை பிளாஸ்டிக் நூலில் பின்னிய வலையாக இருக்கலாம். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பதப்படுத்தியதாக இருக்கலாம். இல்லையென்றால் அம்மாவின் தொடையிலேயே, தோலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வில் ஒரு துண்டு எடுக்கலாம்.

மாடு என்றதும் நான் டாக்டருக்குக் கண்ணைக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏன்டி கண்ணக் காட்டுற? கோயில்ல அடிக்கிற பறையென்ன வாழமட்டையிலயா செஞ்சிருக்கு?” டாக்டர் பக்கம் திரும்பினாள். “ஆனா வலை வேணாங்க. நைலான் கைய அறுத்தா வெளிய தெரியும். உள்ளாற அறுத்தா யாருங்க பாக்கறது?”

“எல்லாருக்கும் அறுக்காதும்மா. சிலருக்கு ஆகும், நீங்க கேட்டது சரியான கேள்விதான். ஆனா வலை ரொம்ப நாள் தாங்கும். சவ்வு சிலருக்குத் தளர்ந்துபோய் மறுபடி இறங்கலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

அம்மா தன் தொடையைத் தட்டிக் காட்டினாள். “இதுலயே எடுங்க. நாளைக்குத் தளந்துபோச்சுன்னா என்னைய நானே திட்டிக்கிறேன்.”

“சரி. மூணு மாசம் குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. அப்புறமும் தலைச்சுமை வேண்டாம்.”

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். “அப்ப ஆபரேஷனே வேணாங்க.”

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். கடைசியில் காரணம் வந்தது.

“ராஜத்துக்கு யாருடி தூக்கிவிடுவா? மத்தவளுவள்லாம் ஜோடி ஜோடியா நிக்கிறாளுவ. ஒத்தையா நின்னா ஒவ்வொருத்திகிட்டயும் கெஞ்சணும். பதினாறு வருசமா என்கூட நிக்கிறா.”

“உன் ஒடம்பு கீழ விழுந்தாலும் அவ கூடை மேல ஏறணுமா?”

அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். நான் நேராக ராஜம் அத்தை வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், தெருவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். “உங்களாலதான் அம்மா ஆபரேஷன் வேணாங்குது.”

“கத்தாதடி.” கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். கொடியில் கிடந்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி என் முன்னே போட்டாள். அதே எலாஸ்டிக் பெல்ட்.

“‘எம் மவ வாங்கிக் குடுத்தா, இடுப்பு வலிக்கு நல்லாருக்கு’ன்னு உங்கம்மாதான் சொன்னா. நானும் வரவழைச்சேன். எனக்கும் எறங்கி ஆறு வருசமாச்சு. அவள ஒத்தையா வுட்டுடக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்காம நிக்கிறேன்.”

குனிந்து பெல்ட்டை எடுத்தேன். நான் வாங்கிய ஒரு பெல்ட், இரண்டு பேரை அழுத்தியிருக்கிறது.

அரைமணி நேரத்தில் ராஜம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். “அடியே சின்னப்பிள்ள, எனக்காகவாடி நின்ன? ஒன்ன யாரு நிக்கச் சொன்னா? நீ மொதல்ல போயி கட்டிக்கிட்டு வா. நல்லபடியா வந்தியன்னா அடுத்தது நான்.”

“நான் நல்லபடியா வல்லன்னா?”

“வேற டாக்டரப் பாத்துக்குவேன்.”

அம்மா சிரித்த சிரிப்பில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மாசியில் பாண்டியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே நடக்க வைத்தார்கள். வயிறு பரவாயில்லை, தொடைதான் கடுக்கிறது என்று ஒரு வாரம் புலம்பினாள். இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அப்பாவின் மொபெட்டைக் கடற்கரைக்கு ஓட்டிப் போகிறேன். பின்னால் கட்டிய பெட்டியில் ராஜம் அத்தை மீனைச் சின்னக் கிண்ணத்தால் அள்ளி அள்ளிப் போடுகிறாள். யாரும் எதையும் தலைக்குத் தூக்குவதில்லை. பெட்டியை வண்டியோடு இறுக்கிக் கட்டியிருப்பது அந்த இரண்டு பெல்ட்டும்தான்.

போன வியாழக்கிழமை ராஜம் அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போனோம். வரிசையில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். நர்ஸ் ஆஸியா பீவி சீட்டோடு வந்து, “ஒங்களுக்கு என்னம்மா?” என்றார். ராஜம் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“அடி எறங்கியிருக்குங்க, ஆறு வருசமா. எனக்குத் தொடையில எடுத்துக் கட்டுனாங்களே, அதேதான்,” என்றாள் அம்மா, மீன் விற்கிற குரலில். மொத்த வரிசையும் திரும்பியது.

“அம்மா, மெல்ல!”

“நீதானடி சொல்லித் தொலைன்னு கத்துன?”

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தொடையில எடுத்தாங்களாமே… பெருசா அறுத்துடுவாங்களாக்கா?”

அம்மா பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பிறகு புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றி, தழும்பை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இம்மாந்தான். கிட்ட வந்து பாரு.”