அசரியாவின் வெள்ளைச் சட்டை

அஸ்தினாபுரத்தில் சாராள் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் ஆரஞ்சு நிறத் தூள் விழும். பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரியின் மாடி ஒன்றரை அடி தள்ளித்தான் இருக்கிறது. அங்கே காயும் வெள்ளை வேட்டியில் ஒரு புள்ளிகூடப் படாது. டிசம்பரில் ஏதோ ஒரு காலை, பால் பாக்கெட் வந்த பிறகு, குரோம்பேட்டைக்கு முதல் ஷேர் ஆட்டோ கிளம்புவதற்குள் விழுந்து முடிந்துவிடும்.

அது கோதுமையைத் தாக்கும் துருநோயின் தூள். தெற்கே மலைகளில் பிறந்து காற்றில் வடக்கே போகிற பூஞ்சை. கல்லூரி ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த சாராள் முதல் வருடமே லென்ஸ் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதை வருடாவருடம் தவறாமல் இறங்க வைப்பதற்காகவே பதினாறு பெயிண்ட் வாளிகளில் கோதுமை வளர்த்தார், நோய்க்குச் சட்டென்று மடிகிற பழைய ரகமாகத் தேடிப் பிடித்து. தூள் விழுந்ததும் ரவிக்கு ஃபோன் போகும். மாடிப் போர்ஷனில் முன்பு குடியிருந்தவன். வேலையை விட்டுவிட்டுக் கர்நாடகாவில் தார்வாடு பக்கம் கோதுமை பயிரிடுகிறான். அங்கே தொண்ணூறு குடும்பங்களின் வயல்களில் அதிலிருந்து சரியாக ஒன்பதாம் நாள் நோய் இறங்கும். எட்டாம் நாள் மருந்து அடித்தால் ஒரே தடவை போதும். முன்னால் அடித்தால் வீரியம் போய்விடும், பின்னால் அடித்தால் வைக்கோல்தான் மிஞ்சும். பதினோரு வருடங்களில் சாராள் சொன்ன நாள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

பன்னிரண்டாம் வருடம், அவர் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த மதியம், கணவர் அசரியா பதினாறு வாளிகளுக்கும் நல்ல மருந்தாக வாங்கி அடித்துவிட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் கொடி காட்டியே ஓய்வு பெற்றவர். செடிகள் தளதளவென்று நின்றன. கிறிஸ்துமஸ் முடிந்தும் தூள் வரவில்லை.

"வருஷா வருஷம் நோய்ல சாகுதே, ஒரு வருஷமாவது பொழைக்கட்டும்னு பாத்தேன் சாராள்."

"ஏங்க, ஸ்டேஷன்ல செகப்புக்கு நிக்கிற ரயிலப் பாத்துப் பாவப்பட்டுப் பச்சையக் காட்டினீங்களா?"

ரவி தினமும் இரண்டு முறை கூப்பிட்டான். "இன்னும் வரலையா ஆன்ட்டி? எல்லாரும் மருந்து டேங்க்கத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

அசரியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். வாளிகளுக்கு நடுவே, ரயிலை நிறுத்துகிறவரைப் போலக் கைகளை விரித்து நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாள் தூள் அவர்மேல் மட்டும் விழுந்தது, காலரிலிருந்து கைமடிப்புவரை. வாளிகளில் ஒன்றுமில்லை. சாராள் அவர் தோளில் லென்ஸை வைத்து, "ஆடாதீங்க" என்றார். பிறகு ரவிக்கு ஃபோன் செய்தார். எட்டாம் நாள் தொண்ணூறு குடும்பங்களும் மருந்து அடித்தன. அந்த வருடக் கதிர்கள் கனத்துச் சாய்ந்திருந்ததை ரவி போட்டோ எடுத்து அனுப்பினான்.

இப்போது அந்த வாளிகளில் தக்காளி இருக்கிறது. டிசம்பர் வந்தால் அசரியா இன்னொரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்குப் போகிறார். திரிபுரசுந்தரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவருக்குக் காபி நீட்டுகிறார். தெருமுனையில் இஸ்திரி போடும் முகிலன், "இன்னா சார், தூள் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, தூள் பட்ட சட்டையை மட்டும் தனியாகத் தேய்த்துத் தருகிறான். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போவதில்லை. சாராள் காலரின் உள்பக்கம் தேதி எழுதி பீரோவில் மடித்து வைக்கிறார். பீரோவில் இப்போது நான்கு சட்டைகள் இருக்கின்றன. ஐந்தாவது, வெள்ளையாக, கொடியில் காய்கிறது.