ஏழாவது சேனல்

'கீ...ஈ...ஈ...' என்று ஸ்பீக்கர் ஊளையிட்டதில், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த பூனை ஒரே தாவலில் அலமாரி மேல் ஏறிவிட்டது.

"ஐயோ, காது போச்சு! அணைங்க, அணைங்க!" என்று அவள் கத்தினாள்.

அவர் நிதானமாக அணைத்தார். முப்பது வருஷம் மெல்லிசைக் குழுவுக்கு ஒலி அமைத்தவர். எந்நேரமும் எதையாவது திருகிக்கொண்டே இருப்பதால் குழுவில் அவருக்குப் பெயரே 'குமிழ்'. அதே குழுவில் பின்வரிசையில் நின்று கோரஸ் பாடியவள் அவள். குமிழைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அந்த வரிசையைத் தாண்டி ஓரடி முன்னால் வந்ததில்லை.

"மேடைப் பழக்கம். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே ரூம்ல இருந்தா இப்படித்தான் கத்தும். இனிமே ஹெட்போன் மட்டும்தான்."

"மணி மூணு பத்துங்க."

நாலு மணிக்குள் இரண்டு நிமிஷக் குரல் மாதிரியை அனுப்பியாக வேண்டும். ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று கதை வாசிக்க ஆள் தேடுகிறது. ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக அவள் குரலை, அவள் குரலை மட்டும், யாரோ கேட்கப்போகிறார்கள். காலையிலிருந்து வெந்நீராகக் குடித்துத் தள்ளுகிறாள்.

சாப்பாட்டு மேஜையை, பதினாறு மைக்குகளின் ஒலியைக் கலக்கும் குழுவின் பழைய மிக்ஸர் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், மகள் வாங்கி அனுப்பிய இன்டர்ஃபேஸ். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி, சோப்பு டப்பா அளவுதான்.

"மைக்கை நேரா இதுலயே சொருகலாம்னு பாப்பா சொன்னாளே?"

"மிக்ஸர் இல்லாமலா? சட்டை போடாம மேடையேறச் சொல்றே!"

"உங்களை யாரு ஏறச் சொன்னா? படிக்கப்போறது நான்!"

கேட்டால்தானே. மைக்கை மிக்ஸரில் சொருகி, மிக்ஸரிலிருந்து இரண்டு வயர்களை இன்டர்ஃபேஸுக்கு இழுத்தார். அவள் வாசித்தாள். சூடான எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி குரல் படபடவென்று பொரிந்தது. இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு.

"ஓ, மிக்ஸர்லேர்ந்து வர்றது பலமான சிக்னல். இந்தப் பெட்டி அதை மைக்குன்னு நெனச்சுக்கிச்சு" என்று பொத்தானை 'லைன்' பக்கம் தள்ளினார். சிவப்பு விளக்கு அணைந்தது. பொரிச்சல் போகவில்லை. மிக்ஸரின் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரைக் குறைத்தார். சத்தம் குறைந்தது, பொரிச்சல் அப்படியே இருந்தது. வயரை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மணி மூன்று நாற்பது.

"ஒருவேளை என் குரலே இப்படித்தானோ?" என்றாள் அவள், மெதுவாக.

"சீ, என்ன பேச்சு இது!" அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிக்ஸர் மேல் குனிந்தாள். மைக்குக்கு ஒன்றாக இருந்த சேனல் வரிசைகளில், மைக் சொருகியிருந்த ஏழாவதின் உச்சியில், கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. அதன் கீழே, மைக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். பதினாறு சேனலில் அதன் குமிழ் மட்டும் அசைய முடியாதபடி கறுப்பு டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்னங்க?"

"அது... அது இருக்கட்டும். வேற சேனல்ல போட்டுக்கலாம்."

"உலகத்துல இருக்கிற குமிழையெல்லாம் திருகுற மனுஷன், இதை மட்டும் ஒட்டி வச்சிருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் நகத்தால் டேப்பை உரித்தாள். முக்கால்வாசி ஏறியிருந்த குமிழைக் கால்வாசிக்கு இறக்கினாள். வாசித்தாள். ஹெட்போனில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் துல்லியமாக ஒரு குரல். தன்னுடையதுதான் என்று நம்ப அவளுக்கு இரண்டு வரி ஆயிற்று.

மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பியாகிவிட்டது. அவள் விரல் நுனியில் டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப ஒட்டினது இது?"

அவர் வயரைச் சுருட்டுவதில் மும்முரமானார். "நீ குழுவுல சேர்ந்த அன்னிக்கு. ஏழாவதுலதான் உன் மைக். மைக்கை விட்டுத் தள்ளித் தள்ளி நின்னே. குமிழை ஏத்தி வச்சு, யாரும் வந்து உன் குரலைக் குறைச்சிடக் கூடாதேன்னு ஒட்டினேன்... அப்ப உன் பேருகூட எனக்குத் தெரியாது."