கிட்டே வந்த பறவைகள்

"மஞ்சள்! இடது கால்ல மஞ்சள் வளையம், ஃபென்னா!"

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே ரெம்மர் கத்தினான். பிப்ரவரிக் கடைசி, வடகடல் காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போனது. கடலணையிலிருந்து இறங்கி, உறைபனி பிடித்த புல்லைத் தாண்டி, ஒரு சேற்று ஓடையை எட்டிக் கடந்து, கிளிஞ்சல் மேட்டுக்குக் கணவனும் மனைவியும் வந்து வெகுநேரம் ஆகவில்லை.

"ஊசி வேலை செய்யுதுடி கிழவி! அந்த டாக்டரம்மாவைப் போய் சும்மா திட்டிட்டேன் பாரு."

ஒரு வருடமாக அவன் பார்வையின் நடுவில் கறுப்பு விழுந்திருந்தது. மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி. மற்றவர்களுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் பறவையின் காலில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிய வளையம் என்ன நிறம் என்று படித்துச் சொன்னவன் இவன். இப்போதோ, பறவை பார்க்கிற கூட்டத்தில் யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்து, "ஆமாமா, நானும் அதான் பாத்தேன்" என்பான். வீட்டில் கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டுதான் தேநீர் ஊற்றுகிறான். ஃபென்னா எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள். அவன் தன்னிடமும் நடிக்கிறானே என்று எத்தனையோ நாள் வயிறு எரிந்திருக்கிறது.

அவள் கழுத்தில் தொங்கிய இருகண் நோக்கியைத் தூக்கினாள். தேவைப்படவில்லை. அந்தச் சிப்பிபிடிப்பான் பறவை வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று நின்றது. சிவந்த அலகு, மஞ்சள் வளையம், எல்லாம். அதற்குப் பின்னால் உள்ளான் குருவிக் கூட்டம், ஆயிரக்கணக்கில், இவர்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.

பறவை மனிதன்மேல் ஆசைப்பட்டா கிட்டே வரும்? பின்னால் கடல் ஏறினால் வரும். இந்தக் கரையில் பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் அணைமேல் காத்திருப்பார்கள். கடல் ஏற மத்தியானம் ஆகும் என்றுதான் இருவரும் இறங்கினார்கள். ஆனால் ராத்திரியெல்லாம் வடமேற்குக் காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபென்னா திரும்பிப் பார்த்தாள். எட்டிக் கடந்த ஓடை தெரு அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்சம் என்று விட்டாள். விடுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் விட்டாள்.

"வலது கால்ல என்னன்னு நீ சொல்லாத. நானே சொல்றேன்."

"ரெம்மர், கிளம்பு."

"இரு, இரு. பச்சை! பச்சைதான? மேல ஒரு எழுத்து இருக்கு..."

"ரெம்மர்! உன் கண்ணு சரியாகல. பறவைதான் கிட்ட வந்திருக்கு. தண்ணி ஏறுது."

அவன் மெல்ல நிமிர்ந்தான். தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பறவை இருந்த பக்கம் தேடினான்.

"எவ்ளோ கிட்ட?"

"கல்லெடுத்து எறிஞ்சா படும்."

"பொய் சொல்ற."

"பின்னாடி திரும்பிப் பாரு!"

"பாத்தா மட்டும் தெரியுமா?"

ஒரு வருடத்தில் அவன் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது அது.

ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, நடுவில் இடுப்பைப் பிடித்தது. குளிரில் மூச்சே ஏறவில்லை. தொலைநோக்கியைத் தோளில் வைத்திருந்தவன் சேற்றில் சறுக்கிச் சாய்ந்தான். ஃபென்னா அவன் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். "அதைப் போட்டுத் தொலை!" என்று அலறினாள். அவன் போடவில்லை. தண்ணீரின் இழுப்பு அவனை ஒரு பக்கமாகக் கொண்டுபோகப் பார்த்தது, அவள் விடவில்லை. காலடியில் மண் எப்போது மறுபடி கெட்டியானது என்று அவளுக்கே நினைவில்லை.

அணையடியில் புல்லில் விழுந்து கிடந்தார்கள். பல் கிட்டித்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நீ மஞ்சள்னு கத்தினப்பவே."

"அப்பவே சொல்லியிருந்தா முழங்கால் தண்ணில வந்திருக்கலாம்."

"ஆமா."

"செத்திருப்போம்டி! ஏன் சொல்லல?"

"நீ சிரிச்ச," என்றாள். "சிரிச்சியேடா."

அவன் எழுந்தான். அணைமேல் ஏறும் சிமெண்டுப் படிகளுக்கு வந்தார்கள். எப்போதும் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிவிடுவான். இப்போது நின்றான். ஈரக் கையை நீட்டி அவள் தோளைத் தேடிப் பிடித்தான்.

மேலே, அவர்களோடு பறவை பார்க்கிற ஆள் ஒருவர் நாயோடு வந்துகொண்டிருந்தார். "மேல நம்ம கூட்டத்து ஆளு ஒருத்தர் வர்றாரு," என்றாள் மெதுவாக.

"வரட்டும்."

கை தோளிலேயே இருந்தது. நனைந்த பூட்ஸை முன்னால் நீட்டி, காற்றில் இங்கும் அங்கும் துழாவி, முதல் படியின் விளிம்பைத் தேட ஆரம்பித்தான்.