புதுத் தாள்

மாடியில் மூத்த மருமகள், கீழே இளையவள். யார் அடுப்பில் எது வெந்தாலும் ஒரு கிண்ணம் படி ஏறும், இல்லையென்றால் இறங்கும். கிண்ணத்தை மூடி வருகிற அலுமினியத் தாள் மட்டும் மூன்று மாதமாக அதேதான். அதன் ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு கிழிசல். மூத்தவள் அதைக் கழுவித் துடைத்து, கரண்டி முதுகால் நீவி எடுத்து வைப்பாள்.

போன வாரம் வீடு நிறைய விருந்தாளிகள்.

“எங்க அக்கா கையில சிக்கினா தாளுக்குக்கூட ஓய்வு கிடையாது. அப்படி ஒரு கஞ்சம்!” என்று இளையவள் வாயை விட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

நேற்று மாடியிலிருந்து வந்த கிண்ணத்தின் மேல் புத்தம்புதுத் தாள், ஒரு சுருக்கம் இல்லாமல். யாரோ அந்நியர் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. இளையவளுக்குச் சுருக்கென்றது.

“தாள் நல்லாத்தானே இருக்கு?” என்றான் கணவன்.

“உங்களுக்கு ஒண்ணும் புரியாது. பேசாம சாப்பிடுங்க.”

இன்று காலை அவள் அந்தத் தாளைக் கழுவினாள், துடைத்தாள், மேசையில் விரித்துத் தேய்த்தாள். அதனாலேயே கிண்ணத்தை மூடி மாடிக்கு எடுத்துப்போய் நீட்டினாள்.

மூத்தவள் தாளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“கரண்டி முதுகால நீவணும்னு எத்தனை தடவைடி சொல்றது? நகம் பட்டு ஓரம் கிழிஞ்சிருக்கு பாரு.”

இளையவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.