வெள்ளிக்கிழமை மீன்

வெள்ளிக்கிழமை வந்தால் போதும், வில்ஃப்ரெட் மேஸ்திரி இரண்டு மீனோடு ஜேபஸ் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். மூன்று மாதமாக இதே கதை. தெருவே அவரைப் புகழ்ந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

1911-இல் இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்றங்கரையில் அந்த ஊருக்குச் சோறு போட்டது சுண்ணப்பாறைதான். மில்லில் பாறையை அரைத்து, தொட்டியில் கலக்கித் தெளியவைத்து, உலர்த்திப் பொடித்து மூட்டை கட்டுவார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கவும் வெள்ளிச் சாமான் துலக்கவும் போகும் அந்தப் பொடிக்குப் பெயர் வொய்ட்டிங். கடலில் பிடிக்கும் வெள்ளை மீன் ஒன்றுக்கும் அதே பெயர்தான். சீக்காளி வயிற்றுக்கு அந்த மீனைப் போல லேசானது வேறில்லை என்பார் டாக்டர்.

"இருபது வருஷமா ஒரு வொய்ட்டிங் என்னைத் தின்னுச்சு மேஸ்திரி. இப்ப இன்னொரு வொய்ட்டிங்கை நான் திங்கறேன்!" படுக்கையில் கிடந்த ஜேபஸ் இருமலுக்கு நடுவே சிரித்தான்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்?

போன குளிர்காலத்தில் இதே ஜேபஸ் அவர் முன்னால் வந்து நின்றான். "மூட்டை கட்டற கொட்டகைல தூசு தாங்கல மேஸ்திரி, நெஞ்சை அடைக்குது. வெளியே தொட்டிப் பக்கம் ஆள் வேணுமாமே, என்னைப் போடச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் மேஸ்திரியின் மனைவி தன் தம்பிக்கு வேலை வேண்டுமென்று ஒரு வாரமாக அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். இடம் தம்பிக்குப் போயிற்று. "கேட்டுப் பார்த்தேம்ப்பா, முதலாளி ஒத்துக்கலை" என்று ஜேபஸிடம் கூசாமல் சொன்னார். கேட்கவே இல்லை, பாவி மனுஷன்!

ஜேபஸின் மனைவி லெட்டி மீனைத் தோலுரித்து, வாலை வாய்க்குள் செருகி வளையமாக்கிப் பாலில் வேகவைத்தாள். பெரிய வீடுகளில் அப்படித்தான் பரிமாறுவார்களாம். மேஸ்திரி கொண்டுவரும் மீனுக்கு அந்த மரியாதை உண்டு என்பது அவள் கட்சி.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இது மில்லு வீடு. வீட்ல ஒருத்தராவது மில்லுக்குப் போகலைன்னா திங்கக்கிழமை காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இவர் இடம் காலியாத்தானே கிடக்கு? என்னைப் போட்டுடுங்க."

"கொட்டகைலயா? வேண்டாம்மா."

"ஏன், பொம்பளைன்னு பாக்கறீங்களா? இவர் தூக்கின மூட்டையை நான் தூக்க மாட்டேனா? உள்ள வேலை, மழை குளிர் கிடையாது. உங்களை விட்டா எங்களுக்கு யாருண்ணே?"

மேஸ்திரி கட்டிலில் கிடந்த ஜேபஸைப் பார்த்தார். இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவளும் இதே கட்டிலில் வந்து விழுவாள்.

"அந்தத் தூசுதாம்மா இவனைப் படுக்கையில தள்ளுச்சு. தொட்டி வேலைக்கு இவனுக்காக நான் முதலாளிகிட்ட கேக்கவே இல்லை. பொய் சொன்னேன். என் மச்சானுக்குக் கொடுத்துட்டேன்."

லெட்டி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"மச்சானை எடுத்துட்டு உன்னைத் தொட்டில போடறேன்மா," மேஸ்திரி அவசர அவசரமாகச் சொன்னார். "நாளைக்கே முதலாளிகிட்ட பேசறேன். வீடு போகாது. சத்தியமா."

ஜேபஸ் தலையணையிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கே முடியுமா மேஸ்திரி?"

"முடியும்ப்பா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஒரு வார்த்தைதானா?" என்றான் ஜேபஸ்.