இரவல் மூக்கு

சோப்புக் கம்பெனியில் என் வேலை மோந்து பார்ப்பது. ஒவ்வொரு பேட்ச் சோப்பிலும் ஒன்றை எடுத்து மோந்து, நான் தலையாட்டினால்தான் மற்றதெல்லாம் டப்பாவுக்குள் போகும். அப்படிப்பட்ட மூக்கை ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "வாசனை பிடிக்கிற செல்லு மூக்குக்குள்ள தானா புதுசா வளரும்மா. ஆனா உங்களுக்குத் தைராய்டு ஹார்மோன் ரொம்பக் கம்மி. அதனாலகூட வளர்றது மந்தமா இருக்கலாம். மாத்திரை போடுங்க, பொறுமையா இருங்க."

பொறுமைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? விஷயம் தெரிந்தால் மேனேஜர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீடு ஓடுவதே என் சம்பளத்தில்.

அங்கேயே பேக்கிங்கில் இருக்கும் என் நாத்தனாரைப் பிடித்தேன். மாசமாக இருக்கிறாள். அடுத்த தெருவில் வெங்காயம் உரித்தால் இவள் இங்கே மூக்கைப் பொத்துவாள். எனக்கு ஹார்மோன் பஞ்சம், அவளுக்கு ஹார்மோன் வெள்ளம். எனக்குப் பின்னால் நின்று அவள் பெட்டியைத் தட்டினால் சோப்பு நல்லது, இருமினால் கெட்டது என்று பேசிக்கொண்டோம்.

என் புத்தி எங்கே போச்சோ! மசக்கைக்காரிக்கு எந்த வாசனை பிடிக்கும்? எலுமிச்சைக்கு இருமினாள். சந்தனத்துக்கு இருமினாள். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீருக்கும் இருமினாள். நானும் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். கிடங்கில் சோப்பு மலையாகக் குவிந்தது.

மேனேஜர் வந்துவிட்டார். கையில் ரோஜா சோப்பு, முதலாளியின் செல்லப்பிள்ளை. "ஏம்மா, இந்த வாரம் ஒண்ணாவது தேறிச்சா? இதையும் வேணாம்னு சொன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பின்னால் நாத்தனார் இருமக்கூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வேறு வழியில்லாமல் சோப்பை மூக்கருகே கொண்டுபோனேன்.

லேசாக ஏதோ வந்தது. விழுங்கிய மாத்திரையெல்லாம் வேலை செய்துவிட்டதா? ரோஜா! அதற்கு அடியில் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. ஐயோ, நாறுகிறது! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"பார்த்தீங்களா, வாசனை ஆளையே உருக்கிடுச்சு!" என்று மேனேஜர் பூரித்தார்.

"நாறுது சார்," என்றேன், வாயெல்லாம் பல்லாக. "எண்ணெய் கெட்டுப்போச்சு. அப்பப்பா, என்னமா நாறுது!"

அவர் நம்பாமல் தானே மோந்தார். முகம் அஷ்டகோணலானது.

வாஷ்பேசின் பக்கமிருந்து நாத்தனார் கத்தினாள்: "அண்ணி, நாறுதுன்னுதானே நானும் இத்தனை நாளா இருமி இருமிச் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

மேனேஜர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா இங்க மோந்தது யார் மூக்கு?"

"அது போகட்டும் சார். இன்னைக்கு மோந்தது என்னோடது. புத்தம் புதுசு."

அவர் என்னை முறைத்தார். பிறகு, தள்ளிவைத்த எலுமிச்சைச் சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.